பதினோராம் நம்பரில் வைத்த சந்தனம்

கோமதி வாட்ஸாப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் கணினிப் பயிற்சி நிலையத்தின் லேபுக்குப் பொறுப்பாக வந்தவள் அவள். "மேடம், கேம் டெவலப்மென்ட் கோர்ஸுக்குப் புது பேட்ச் ஆரம்பிக்கிறோம். ஒண்ணுமே தெரியாம வர்றவங்களுக்கு முதல்ல எந்த டூல் போடலாம்? ஒரே வரியில சொன்னா போதும்." கீழே ஆறு மென்பொருள்களின் பட்டியல். கைகூப்பும் பொம்மை ஒன்று.

ஒரே வரியில் சொல்லலாம்தான். அப்படி ஒரு வரியை எழுதிக் கையெழுத்தும் போட்டவள் நான். அந்த வரி என்ன செய்தது என்று தெரிந்ததால் இந்த முறை நீளமாக எழுதுகிறேன். கோமதிக்குப் படிக்கப் பொறுமை இல்லையென்றால் அது அவள் பாடு.

என் தொழில் டைப்ரைட்டிங்கில் ஆரம்பித்தது. வில்லியனூரில் ஒரு மாடியறையில் பன்னிரண்டு மிஷின்கள் தடதடக்க ஹையர் பரீட்சை முடித்தேன். பிறகு கறுப்புத் திரை கம்ப்யூட்டர், பிறகு கணக்கு மென்பொருள், பிறகு வயர் இழுத்து லேபுகளை இணைப்பது. ஒவ்வொன்றையும் நேற்று கற்றுக்கொண்டு இன்று சொல்லிக்கொடுத்தேன். பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் வந்தார்கள், போனார்கள். லேப் சாவி மட்டும் இருபத்திரண்டு வருடம் என் இடுப்பில் இருந்தது.

எங்கள் நிலையத்தில் வீடியோ கேம் கோர்ஸ் ஆரம்பித்தபோது நான் சிரித்தேன். என் பிள்ளைகளை எதற்காக அடித்தேனோ அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு கோர்ஸ். ஆனால் சிரித்துக்கொண்டே வேலையைச் சரியாகச் செய்தேன். அந்தப் பெருமை எனக்கு உண்டு, அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

விளையாட்டு உருவாக்க ஒரு மென்பொருள் வேண்டும். படம் நகர்வது, ஒன்றோடு ஒன்று மோதினால் தெரிவது, சத்தம் வருவது எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். எஞ்சின் என்பார்கள். உலகத்தில் அவை நிறைய உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கு எது என்று தேர்ந்தெடுப்பது லேப் பொறுப்பாளரின் வேலை. அதற்கு நான் ஒரு முறை வைத்திருந்தேன்.

லேபில் இருபது சிஸ்டம். பதினோராம் நம்பர் எல்லாவற்றிலும் கிழடு. திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் கோடு எப்போதும் நிற்கும். புது மென்பொருள் எதுவானாலும் முதலில் அதில்தான் போடுவேன். ஐந்து சோதனை. திறக்க எவ்வளவு நேரம் என்பது முதலாவது. எந்த வீடியோவும் பார்க்காமல், ஒரு சதுரத்தை அம்புக்குறி விசையால் நகர்த்திப் பார்ப்பது இரண்டாவது. அரை மணிக்குள் நகரவில்லை என்றால் முதல் நாளே நாலு பேர் கோர்ஸை விட்டுப் போவார்கள். மூன்றாவது, வேண்டுமென்றே ஒரு தப்புச் செய்வேன். தப்பு எங்கே என்று அது மனிதருக்குப் புரிகிற மாதிரி சொல்கிறதா, இல்லை சிவப்பு எழுத்தில் திட்டுகிறதா என்று பார்ப்பேன். நான்காவது, செய்ததை பென்டிரைவில் போட்டு வேறு சிஸ்டத்தில் திறப்பது. வீட்டுக்கு எடுத்துப் போக முடியாத பாடம் பாதிப் பாடம்.

ஐந்தாவது சோதனைக்கு ஆசிரியர்கள் பயப்படுவார்கள். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்குவேன். மறுபடி போட்டால் செய்தது திரும்ப வருகிறதா என்று பார்ப்பேன். லேபில் யூ.பி.எஸ் இருந்தது. மாணவர்களின் வீடுகளில் இல்லையே.

ஒரு சின்ன மென்பொருள் ஐந்திலும் தேறியது. கட்டங்களை இழுத்து அடுக்கினால் விளையாட்டு வரும், அவ்வளவுதான். பளபளப்பு கிடையாது. பெரிய கம்பெனிகள் பயன்படுத்தும் எஞ்சின் ஒன்றும் பட்டியலில் இருந்தது. நல்ல எஞ்சின்தான், நல்ல சிஸ்டத்தில். எங்கள் பதினோராம் நம்பரில் அது திறப்பதற்குள் நான் கீழே போய் டீ குடித்துவிட்டு வரலாம். பென்டிரைவில் அடங்கவில்லை. பிளக்கை இரண்டு முறை பிடுங்கினேன். முதல் முறை பிழைத்தது. இரண்டாவது முறை, செய்து வைத்தது திறக்கவே இல்லை. இதை எல்லாம் நோட்டில் எழுதி வைத்தேன். நன்றாகக் கவனியுங்கள், இது எனக்கு முன்பே தெரியும்.

முதல் பேட்ச் சின்ன மென்பொருளில் ஆரம்பித்தது. அதில் வந்து சேர்ந்தவள்தான் தனலட்சுமி.

பாகூர்க்காரி. முப்பத்தொரு வயது. கல்யாணத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு, பிறகு ஏழு வருடம் கரும்பு வெட்ட வரும் ஆட்களுக்குச் சோறு வடித்தவள். மாமியாரிடம் மன்றாடி இந்த கோர்ஸுக்கு வந்திருந்தாள். தீபாவளிக்குள் வேலை கிடைத்தால் போகலாம், இல்லையென்றால் அதோடு படிப்பு என்ற பேச்சே கூடாது என்று நிபந்தனை. புருஷனும் அதற்குத் தலையாட்டிவிட்டான். இரண்டு பஸ் மாறி வருவதால் தினமும் கடைசியாக வருவாள். நல்ல சிஸ்டங்களில் மற்றவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பதினோராம் நம்பர்தான் மிஞ்சும். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

ஒன்றரை மாதத்தில் அவள் ஒரு விளையாட்டைச் செய்து முடித்தாள். ஏரி மதகைத் திறந்து, வாய்க்கால்களை மாற்றி மாற்றி அடைத்து, கடைசி வயல் காய்வதற்குள் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். கேட்கச் சாதாரணமாக இருக்கும். விளையாட உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. மேல் வயல்காரன் ஒருவன் நாம் பார்க்காத நேரம் மடையை உடைத்துவிடுவான். வீடியோ கேமே பிடிக்காத நான் மதியச் சாப்பாட்டை விட்டு விளையாடினேன். மடையை உடைப்பவன் யார் என்று கேட்டேன். "எங்க வூட்டுக்கு மேல கை நிலத்துக்காரரு மேடம். பேரு சொன்னா கேசு போட்டுடுவாரு" என்றாள்.

இப்போது எங்கள் நிலையத்தின் இயக்குநரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. முடியாது என்றும் சொல்லமாட்டார். எதைக் கேட்டாலும் "எழுதிக் குடுங்க மேடம்" என்பார். எழுதிக்கொடுத்தால், ஒரு ஸ்கேலை வரிக்கு வரி கீழே நகர்த்தி மெதுவாகப் படிப்பார். பிடிக்காத வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துத் திருப்பித் தருவார். பேனாவைத் தொடமாட்டார். நாம் வந்து திருத்தி எழுதி, மையில் கையெழுத்துப் போட்டு, பென்சில் புள்ளியை ரப்பரால் அழித்துக் கொடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருடக் கோப்புகளைப் புரட்டினாலும் அவர் சொன்னதாக ஒரு எழுத்து இருக்காது. எல்லாம் நாங்களே விரும்பிச் செய்ததாகத்தான் இருக்கும்.

ஆடி முடிந்ததும் அவர் லேபுக்கு வந்தார். நகரத்தில் கேம் தயாரிக்கும் ஒரு சின்ன கம்பெனியிலிருந்து ஆள் எடுக்க வருகிறார்கள் என்றார். விஜயதசமி நல்ல நாள், அன்றைக்கே வரச் சொல்லியிருக்கிறேன் என்றார். பிறகு தனலட்சுமியின் விளையாட்டை நின்றபடியே அரை நிமிடம் பார்த்தார். "நல்லா இருக்கும்மா. குழந்தைங்களுக்குப் புடிக்கும்" என்று சொல்லிவிட்டு என்னைத் தன் அறைக்கு வரச் சொன்னார்.

அறைக்குப் போனேன். மேஜை மேல் பேனருக்கான படம் விரித்துக் கிடந்தது. மூலக்குளம் ரோட்டில் கட்டப்போகிற பேனர். அதில் அந்தப் பெரிய எஞ்சினின் பெயர், இரண்டு முழ உயரத்தில். "இதுக்கு ஏத்த மாதிரி லேப்ல மாத்திடலாமா? உங்க அனுபவத்துக்கு நான் மரியாதை குடுக்குறேன். எழுதிக் குடுங்க." எழுதினேன். ஐந்து சோதனையும், அதில் வந்த முடிவும், எங்கள் சிஸ்டங்களுக்கு அது பொருந்தாது என்பதும். மறுநாள் திரும்பி வந்தது. ஐந்து வரிக்கும் ஐந்து பென்சில் புள்ளி.

எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு முடியப்போகிறது. மேலும் இரண்டு வருடம் நீட்டிப்புக் கேட்டு ஒரு விண்ணப்பம் அவர் மேஜையில் கிடந்தது. அதை அவர் ஒரு தடவைகூட ஞாபகப்படுத்தவில்லை. அவசியமும் இல்லை. ஐந்து வரியையும் எடுத்துவிட்டு ஒரே வரி எழுதினேன். "ஆரம்பநிலை மாணவர்களுக்கும் நமது லேபுக்கும் இந்த மென்பொருள் பொருத்தமானது." கையெழுத்துப் போட்டேன். ரப்பரால் புள்ளிகளை நானே அழித்தேன். பயந்தேன் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் கிடையாது.

மாணவர்கள் எல்லோரும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். பாதிப் பேர் இரண்டு வாரத்தில் நின்றுவிட்டார்கள். மதகடிப்பட்டிலிருந்து வந்த பையன் ஒருவன் போகும்போது, சதுரம் நகரவே இல்லை மேடம் என்று சொல்லிவிட்டுப் போனான். தனலட்சுமி நிற்கவில்லை. அதே மதகை, அதே வாய்க்காலைப் புது எஞ்சினில் மறுபடி கட்டினாள். பதினோராம் நம்பர் முக்கி முனகி ஓடியது. ஒரு மாற்றம் செய்துவிட்டு அது திரையில் தெரியும் வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துத் தின்றுகொண்டே அடுத்த மாற்றத்தைக் கையால் நோட்டில் எழுதுவாள்.

வேலையைப் பென்டிரைவில் எடுத்து வைக்கப் பார்த்தாள். அடங்கவில்லை. சர்வரில் இடம் கேட்டாள். இயக்குநரிடம் எழுதிக் கேட்க வேண்டும், பூஜை முடியட்டும் என்றேன். பிறகு தெரிந்துகொண்ட ஒன்றைச் சொல்கிறேன். அந்தப் பெரிய கோப்புறையில் நாம் எடுத்து வைக்க வேண்டியது ஒரு சின்னப் பகுதிதான். மீதி எல்லாம் எஞ்சின் தனக்காகச் சேர்த்து வைக்கிற குப்பை. தூக்கிப்போட்டால் மறுபடி தானே உண்டாக்கிக்கொள்ளும். அவளுடைய முழு உழைப்பும் அந்தப் பென்டிரைவில் தாராளமாக அடங்கியிருக்கும். எனக்குத் தெரியாது. நான் அந்த எஞ்சினைக் கற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பொருத்தமானது என்று மட்டும் எழுதத் தெரிந்திருந்தது.

ஆயுத பூஜை அன்று காலையிலேயே வந்துவிட்டாள். விளையாட்டு முடிந்திருந்தது. அதை முழுதாகச் சேமித்து, தனியாக ஓடும் கோப்பாக மாற்றுவது ஒன்றுதான் பாக்கி. பதினோராம் நம்பரில் அதற்குச் சாயங்காலம் வரை ஆகும். அவளால் இருக்க முடியாது. வீட்டில் டிராக்டருக்கும் மோட்டார் கொட்டகைக்கும் பூஜை. பிற்பகலுக்குள் மருமகள் அங்கே நிற்காவிட்டால் அதுவே ஒரு பஞ்சாயத்து. 'தயவுசெய்து ஆஃப் பண்ணாதீங்க' என்று ஒரு தாளில் எழுதித் திரையில் ஒட்டினாள். என்னிடம் வந்து சொன்னாள். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ பஸ்ஸைப் பிடி என்று அனுப்பினேன்.

எங்கள் லேபில் பூஜைக்கு ஒரு நியமம் உண்டு. அன்று எல்லா சிஸ்டமும் ஓய வேண்டும். துடைத்து, சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைத்து, கீபோர்டில் ஒரு பூ. பிறகு விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டும்வரை யாரும் தொடக்கூடாது. கம்ப்யூட்டருக்கு எதற்கு ஓய்வு என்று நான் கேட்டதில்லை. என் வீட்டில் அரிவாள்மனைக்கும் அன்று ஓய்வுதான்.

நாலரை மணிக்கு இயக்குநர் நாலு பெரிய மனிதர்களோடு வந்தார். ஐயர் மணியை எடுத்துவிட்டார். பத்தொன்பது திரை இருட்டு. ஒன்று மட்டும் வெளிச்சமாக, அந்தத் தாளோடு. இயக்குநர் சிரித்தபடி கேட்டார்.

"மேடம், அது ஒண்ணு மட்டும் ஏன் முழிச்சிக்கினு இருக்கு?"

"ஒரு ஸ்டூடன்ட் ப்ராஜெக்ட் சார். நாளைக்குக் காட்டணும். இன்னும் ஒரு மணி நேரம் ஓடணும்."

"பூஜையில எதுவும் ஓடக்கூடாது. உங்களுக்குத் தெரியாததா?"

இயக்குநர் காத்திருந்தார். அவருக்குக் காத்திருக்கத் தெரியும். ஐயர் காத்திருந்தார், பெரிய மனிதர்கள் செல்போனைப் பார்த்தார்கள். நான் போய்த் தாளைக் கிழித்தேன். ஷட்டவுன் கொடுத்தேன். வேலை நடக்கிறது, நிறுத்தினால் பாழாகலாம், நிறுத்தவா என்று திரை என்னைக் கேட்டது. இதைவிட மரியாதையாக என்னை யாரும் எச்சரித்ததில்லை. பவர் பட்டனில் விரலை வைத்து, அணையும் வரை அழுத்திக்கொண்டே நின்றேன். பிறகு அதே விரலால் சந்தனத்தைத் தொட்டு அந்தப் பட்டன் மேலேயே வைத்தேன், குங்குமமும் வைத்தேன். கை தானாகச் செய்தது.

முதல் தடவை பிளக்கைப் பிடுங்கியபோது பிழைத்ததே, அப்படிப் பிழைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டி முடிந்ததும் தனலட்சுமி உட்கார்ந்தாள். புதுப் புடவை. நான் பக்கத்தில் நின்றேன். எஞ்சின் திறந்தது. அவளுடைய விளையாட்டு திறக்கவில்லை. சிவப்பு எழுத்து வரிசை வரிசையாக வந்தது. மூடினாள், திறந்தாள். நாலு தடவை. பிறகு என்னைப் பார்த்தாள்.

"யாருனா ஆஃப் பண்ணிட்டாங்களா மேடம்?"

"கரண்ட் போச்சும்மா" என்றேன்.

மேஜைக்கு அடியில் யூ.பி.எஸ் பச்சை விளக்கோடு இருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு பவர் பட்டனைப் பார்த்தாள். காலையில் அவள் அழுத்தியதில் சந்தனம் வெடித்துப் பாதி உதிர்ந்திருந்தது. விரலில் ஒட்டியிருந்த குங்குமத்தைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"சரி மேடம்."

அழுதிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவள் அழவில்லை. எழுந்து இயக்குநரிடம் போனாள். சின்ன மென்பொருளில் செய்த பழையது பென்டிரைவில் இருக்கிறது, அதைக் காட்டட்டுமா என்று கேட்டாள். அவர் அவளை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். பேனரில் ஒன்றைப் போட்டுவிட்டு வந்தவர்களுக்கு இன்னொன்றைக் காட்டினால் நிலையத்தின் பெயர் என்னாவது என்று அவளையே கேட்டார். அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனாள்.

பதினோரு மணிக்கு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். இரண்டு பேர், செருப்புப் போட்டுக்கொண்டு, சின்ன வயது. எங்கள் மாணவர்கள் காட்டிய பாதி வெந்ததை எல்லாம் பொறுமையாகப் பார்த்தார்கள். யாரையும் எடுக்கவில்லை. டீ குடிக்கும்போது அதில் ஒருவன் என்னிடம் சொன்னான்.

"எதுல செஞ்சாங்கன்றது எங்களுக்கு முக்கியமே இல்ல மேடம். நாங்களே சொல்லிக்குடுத்துப்போம். சின்னதா ஒண்ண முழுசா முடிச்சிருந்தா போதும். அப்படி யாருனா இருக்காங்களா?"

இயக்குநர் எதிரே உட்கார்ந்திருந்தார். அவள் ஏறிய பஸ் அப்போது பாகூரை எட்டியிருக்காது. தனலட்சுமியின் நம்பர் என் போனில் இருந்தது. இல்லை சார் என்றேன்.

அடுத்த மாதம் எனக்கு நீட்டிப்புக் கடிதம் வந்தது. இரண்டு வருடமும் முழுசாக வேலை பார்த்தேன். பிரிவு விழாவில் சால்வை போர்த்தி, நேர்மைக்கு இலக்கணம் என்றார் இயக்குநர். கை தட்டினார்கள்.

போன மாதம் ஒரு ஜெராக்ஸ் எடுக்க மதகடிப்பட்டில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் தனலட்சுமி. என்னைத் தெரிந்துகொண்டாள் என்று முகத்தில் தெரிந்தது. "ரெண்டு பக்கமுமா மேடம், ஒரு பக்கமா?" என்றாள். ஒரு பக்கம் என்றேன். மிஷின் ஓடும் நேரத்தில் அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். பவர் பட்டன் மேல் சோடா பாட்டில் மூடி ஒன்றைக் கவிழ்த்து, சுற்றிலும் டேப் ஒட்டியிருந்தாள். யார் விரலும் தெரியாமல்கூடப் படாதபடிக்கு. தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அன்றைக்கும் சொல்லவில்லை.

கோமதி, உன் பட்டியலில் மூன்றாவதாக இருப்பதுதான் அந்தச் சின்ன மென்பொருள். அதைப் போடு. பதினோராம் நம்பர் இன்னும் இருந்தால் அதில் முதலில் போட்டுப் பார். பிளக்கைப் பிடுங்கிப் பார். இயக்குநர் எழுதிக் கொடுக்கச் சொன்னால், ஐந்து வரியும் எழுது. புள்ளி வந்தால் வரட்டும், அழிக்காதே.

பிறகு இந்தக் கடிதத்தைப் பிரின்ட் எடு. எடுத்துக்கொண்டு மதகடிப்பட்டுக்குப் போ. அந்தக் கடையில் கொடுத்து, ஒரு காப்பி போடச் சொல். கடைசிப் பக்கத்தை மேலே வைத்துக் கொடு, அவள் இந்தக் கடைசி வரியைப் படிப்பாள்.

அன்றைக்குக் கரண்ட் போகவில்லை, தனலட்சுமி. நான்தான் அணைத்தேன்.